புகை போன இடம்

மின்சாரக் கார்க்காரர்கள் பச்சை நம்பர் பிளேட்டை விபூதிப் பட்டைபோலக் காட்டுவார்கள்: ஆயில் மாற்ற வேண்டாம், சைலன்சர் இல்லை, புகையே இல்லை. இல்லைதான்; அத்திப்பட்டுக்குக் குடிபோய்விட்டது. அங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் மட்டும் 1,830 மெகாவாட், பக்கத்து வல்லூர் 1,500. எரிவது நிலக்கரி, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த கதை ஊரறிந்தது. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் இல்லையா என்பார்கள். உண்டு, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குச் சார்ஜ் போடுபவருக்குச் சூரியன் என்ன செய்யும்? அப்படியும் மொத்தக் கணக்கில் பெட்ரோல் காரைவிடக் கரியமில வாயு குறைவு என்பது நியாயமான வாதம்தான். அந்த லாபம் உலகத்துக்கே பொது. சாம்பல் மட்டும் எண்ணூருக்குத் தனி. பக்கத்துத் திருவொற்றியூர்க்காரர் இதே காரை வாங்கினால் பராமரிப்பில் ஒன்று கூடும்: பானெட் துடைக்க ஒரு துணி.