பழைய அஞ்சல், புதிய சர்வர்

ஜாரிங் மூடப்பட்டதும் அதில் வந்த பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் அழிந்தனவா? (வாசகர், ஜொகூர் பாரு)

எந்த முறையில் பெறப்பட்டவை? மலேசியாவின் முதல் இணையச் சேவையான ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது. பிஓபி3 முறையில் இறக்கி வைத்த அஞ்சல்கள் வீட்டுக் கணினியிலேயே இருந்ததால் தப்பின. ஐமேப் முறையில் மூல அஞ்சல் நிறுவனத்தின் சர்வரில்தான். கணினியில் இருப்பது நகல். பழைய கணக்கை நீக்கினால் நகலும் போய்விடும். ஆகவே அஞ்சல் சேவை நிறுவனம் மாறுவோர் முதலில் தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருளின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு அஞ்சல்களை நகலெடுக்க வேண்டும். பழைய கணக்கை நீக்குவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தவறினால் பல ஆண்டுக் குடும்பக் கடிதங்கள் திரும்பி வாரா.

கடவுச்சொல் சரி, அவுட்லுக்.காம் அஞ்சல் மட்டும் தண்டர்பேர்டுக்கு வர மறுக்கிறதே, ஏன்? (வாசகர், குளுவாங்)

கடவுச்சொல் மட்டும் இருப்பதால்தான்! 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் கடவுச்சொல்லை அந்தச் சேவை ஏற்பதில்லை. தண்டர்பேர்ட் கணக்கு அமைப்பில் ‘ஓஆத்2’ உள்நுழைவு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐமேப் போர்ட் 993.

அஞ்சல் வருகிறது, போகவில்லையே? (வாசகர், மூவார்)

வருவதற்கு ஒரு சர்வர், போவதற்கு இன்னொரு சர்வர். போவதற்கான எஸ்எம்டிபி பகுதியில் பழைய நிறுவனத்தின் முகவரியே நின்றிருக்கும். அதையும் மாற்றி, புதிய நிறுவனம் சொல்லும் 587 அல்லது 465 போர்ட்டை இட வேண்டும்.