ரசீதின் பின்பக்கம்

கே: மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைப் புனேவுக்குக் கூரியரில் அனுப்பினேன். கண்ணாடி நொறுங்கி, கிருஷ்ணன் கன்னத்தில் கீறலோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. 18,000 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய்தான் தருவார்களாம். அடுக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: அடுக்காது அம்மா. ஆனால் ரசீதைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் ‘எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்’ என்று இருக்கும். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி, டிஎச்எல் கூரியர் மீது தொடுத்த வழக்கில் மாநில நுகர்வோர் ஆணையம் 4 லட்சத்துச் சொச்சம் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 100 டாலராகச் சுருங்கிப்போக, கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உங்களிடம் கையெழுத்தே வாங்கவில்லை என்றால், பொடி எழுத்து என்னைக் கட்டுப்படுத்தாது என்று தைரியமாக வாதாடலாம். புனேவுக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். உடைந்த கண்ணாடியையும் பெட்டியையும் மகள் குப்பையில் போட்டுவிடப் போகிறார், இன்றே சொல்லிவையுங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

கே: இன்சூரன்ஸ் கட்டினால் கவலை இல்லைதானே? (வாசகர், மதுரை)

ப: கவுண்டரில் ‘மதிப்பு சும்மா 500 போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். தலையாட்டாதீர்கள். எழுதிய மதிப்புக்கு மேல் கேட்க முடியாது. கண்ணாடி, பீங்கானுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: பெட்டி நசுங்கி வந்தால் வாங்கலாமா? (வாசகி, சேலம்)

ப: வாங்கினால், டெலிவரித் தாளில் ‘பெட்டி நசுங்கியிருந்தது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்குமுன் போட்டோ, பிரிக்கும்போது வீடியோ.

கே: லாரி ஆபீஸில் போட்ட நூல் மூட்டை நாலு மாதமாக வரவில்லை. போன் செய்தால் ‘நாளைக்கு வந்துடும்’ என்கிறார்கள். (வாசகர், கரூர்)

ப: அவர்களுடைய நாளைக்கு முடிவில்லை, உங்கள் கெடுவுக்கு உண்டு. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்கை ஏற்கும். போனில் போட்ட சண்டை நோட்டீஸ் ஆகாது. 4 மாதம் என்றால் 120 நாள் போய்விட்டது. எல்.ஆர். (லாரி ரசீது) நம்பர், தேதி, சரக்கின் மதிப்பு மூன்றையும் எழுதி, ஒப்புகை கேட்டு, இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.