வட சென்னைச் சூப்பின் கால அளவைகள்: கற்றுக்குட்டிச் சமையலாளரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சமையல் பழகத் தொடங்குகிறவர் பெரும்பாலும் சூப்பில்தான் கை வைக்கிறார். ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, அகப்பட்டதைப் போட்டு மூழ்கத் தண்ணீர். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற துணிச்சலே அதற்குக் காரணம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, மறுக்க முடியாத இடங்களில் விருந்தாளியாக அமர்ந்து இவ்வாய்வாளர் குடித்த சூப்புகளில் ஒரு பொதுத்தன்மை புலப்பட்டது. நண்டு ரப்பராக இருந்தது. ஆட்டுக்கால் மரமாக இருந்தது. ஒன்று வெந்து கெட்டது, மற்றது வேகாமல் கெட்டது. இரண்டையும் சமையலாளர் அடுப்பில் வைத்திருந்த நேரம் ஒன்றே: தமக்குப் பசி எடுக்கும் வரை.

இதிலிருந்து பிறந்த கருதுகோள்: சூப்பைக் கெடுப்பது கடிகாரம். பழி மட்டும் மசாலாப் பொடி மேல் விழுகிறது.

2. ஆய்வு எல்லை

வடக்கே காட்டுப்பள்ளி, தெற்கே பர்மா பஜாரை ஒட்டிய மூர் தெரு, கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். மேற்கெல்லை பல வேளை மூடியே இருந்ததால் அதற்கு அப்பால் ஆய்வு செல்லவில்லை.

ரசம் இவ்வாய்வில் சேராது. அதைச் சூப்பு என்று எழுதினால் ஆய்வாளரின் வீட்டிலேயே எதிர்ப்புக் கிளம்பும். நோன்புக் கஞ்சியும் சேராது. அரிசி உள்ளே வந்துவிட்டால் அது கஞ்சி. தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிய பாயா, இடியாப்பத்தின் துணை என்பதால் குழம்பு இனத்தைச் சாரும். தட்டின் துணையின்றித் தம்ளரில் நிற்கக்கூடியதே சூப்பு என இங்கே வரையறுக்கப்படுகிறது.

3. முதற்பொருள்

சூப்பில் மிகுதியாக இருப்பது தண்ணீர். அதைப் பற்றி எந்தச் சமையல் நூலும் இரண்டு வரிக்கு மேல் பேசுவதில்லை. வட சென்னைத் தண்ணீருக்கோ தனி வரலாறு உண்டு. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் இயங்கத் தொடங்கியது. அங்கே பெரும் செலவில், பெரும் அழுத்தத்தில், சவ்வுகளின் வழியே கடலிலிருந்து உப்பைப் பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் குழாய் வழியே வட சென்னை வீடுகளுக்கு வந்ததும், கற்றுக்குட்டிச் சமையலாளர் கைநிறைய உப்பை எடுத்து அதில் திரும்பப் போடுகிறார். ஒரு பொறியியல் சாதனையை ஒரு கரண்டியால் முறியடிக்கும் இச்செயல் தனி ஆய்வுக்கு உரியது.

இங்கே கூறத்தக்கது இவ்வளவே: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஒரு லிட்டருக்குச் சரியாக இருந்த உப்பு, அரை லிட்டராகச் சுண்டியதும் இரண்டு மடங்காகக் கரிக்கும்.

4. கால அலகுகள்

நிமிடம், மணி என்னும் அயல் அலகுகள் இப்பகுதி மக்களின் வாழ்வோடு ஒட்டவில்லை. ஆகவே உள்ளூர் அலகுகள் மூன்று முன்மொழியப்படுகின்றன.

ஒரு டீ: கடை வாசலில் நின்று ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடிக்கும் நேரம். ஐந்து நிமிடம்.

ஒரு கேட்: கொருக்குப்பேட்டை கேட் மூடித் திறக்கும் நேரம். ஆய்வு வசதிக்காகப் பத்து நிமிடம் எனக் கொள்க. வண்டியில் காத்து நிற்பவர்கள் இக்கணக்கை ஏற்கமாட்டார்கள்.

ஒரு லாரி: எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் சேர்ந்த கண்டெய்னர் லாரி, துறைமுக வாசலைத் தொடும் நேரம். நல்ல நாளில் மூன்று, நான்கு மணி. மோசமான நாட்களில் ஓட்டுநர்கள் சாலையோரத்திலேயே சமைத்துச் சாப்பிடும் அளவுக்கு இந்த அலகு நீண்டிருக்கிறது. அந்த நாட்களின் லாரியைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

5. சோதனைகள்

(அ) நண்டு: ஒரு கேட்

அரைக் கிலோ நண்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி நல்லெண்ணெயில் வதக்கி, தக்காளி கரைந்ததும் கால்களை நசுக்கிய நண்டைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதி வந்ததிலிருந்து ஒரு கேட்.

நண்டு தன் கடிகாரத்தை ஓட்டிலேயே சுமக்கிறது. உயிரோடு இருக்கையில் அதன் செந்நிறமி ஒரு புரதத்தோடு ஒட்டி நீலமாகத் தெரியும். சூட்டில் புரதம் குலைய, சிவப்பு வெளியே வருகிறது. இந்த வேதியியலைக் காசிமேட்டில் நண்டு விற்கும் ஓர் அக்காவிடம் விளக்கியபோது அவர் அளித்த மதிப்புரை: “கலர் மார்ச்சின்னா கொஞ்ச நேரத்துல எறக்கிட வேண்டியதுதான? அது இன்னா ஆட்டுக்காலா, அம்மாம் நேரம் வேவறதுக்கு?”

இவ்வாய்வின் முழுச் சாரத்தையும் அவர் நண்டை எடைபோட்டபடியே சொல்லிவிட்டதால், எஞ்சிய பக்கங்கள் பட்டத்தின் பொருட்டு மட்டுமே எழுதப்படுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையின்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும், நண்டின் விலை ஏறும். அக்காலத்தில் கற்றுக்குட்டிகள் அடுத்த சோதனைக்குச் செல்வது நலம்.

(ஆ) வாழைத்தண்டு: ஒரு கேட், ஒரு டீ

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகள் அரசுடைமையானபின், அங்கே வாழ்ந்த தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களோடு அத்தோ என்னும் நூடுல்சும் மொய்ங்கா என்னும் மீன் சூப்பும் இறங்கின. மூர் தெருத் தள்ளுவண்டிகளில் அத்தோவுக்குப் பக்கத்தில் ஆவி பறக்க நிற்கும் வாழைத்தண்டுச் சூப்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பர்மாவில் மீனோடு கொதித்த தண்டு, இங்கே பல வண்டிகளில் மீனை விட்டுவிட்டுச் சைவமாகிவிட்டது.

தண்டை வட்டமாக நறுக்கும்போது விரலில் நாரைச் சுற்றி எடுத்துவிட்டு, கறுக்காமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். பிறகு பொடியாக அரிந்து இஞ்சி, பூண்டு, வெங்காயம், மஞ்சளோடு வேக விட்டு, கடலை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். மாவைக் கொதிக்கும் சூப்பில் நேரே கொட்டுவோர் உண்டு. மாவின் வெளிப்புறம் உடனே வெந்து உறையாகிவிட, உள்ளே வறண்ட மாவு சிறைப்பட்டுக் கட்டி தட்டும். அதை உருண்டைக் குழம்பு என்று பெயர் மாற்றிப் பரிமாறிய நிகழ்வுகள் ஆய்வாளரின் கவனத்துக்கு வந்துள்ளன.

(இ) ஆட்டுக்கால்: ஒரு லாரி

வாட்டிய கால்களை மஞ்சள் போட்டுக் கழுவி, திறந்த பாத்திரத்தில் சிறு தீயில் வைத்தால் ஒரு லாரி நேரம் ஆகும். காலில் கறி குறைவு. தோலும் நரம்பும் மூட்டும்தான் மிகுதி. அவற்றில் உள்ள கொலாஜன் மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரைந்தால்தான் சூப்புக்கு உடம்பு வரும். ஆயத்தமானதை அறிய எளிய வழி: குடித்தபின் உதடுகள் ஒட்ட வேண்டும். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் அல்வாவாக உறைய வேண்டும். மிளகுத்தூள் இறக்கும்போதுதான், முன்னரே போட்டால் அதன் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும்.

6. மறுப்புரை

குக்கர் இருக்க லாரி எதற்கு எனக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில், எலும்பை மெத்தென்று ஆக்கவென்றே மூடிய பாத்திரம் ஒன்றை அறிமுகம் செய்தார். அது வெடிக்காதிருக்கப் பாதுகாப்பு வால்வும் அவர் கைவண்ணம். 1682-இல் ராயல் சொசைட்டி அறிஞர்கள் அதில் வெந்த எலும்பை உண்டதைத் தம் நாட்குறிப்பில் ஒருவர் எழுதியும் வைத்தார். ராயபுரத்தில் தலைமுறை தலைமுறையாக எலும்பு உறிஞ்சியவர் எவரும் அதை ஒரு நிகழ்ச்சியாகக் கருதி எழுதி வைக்கவில்லை.

திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாத தண்ணீர், குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி வரை செல்கிறது. அதனால் லாரி, நான்கைந்து கேட்டாகச் சுருங்கும். ஆனால் குக்கர் வாங்கிய மகிழ்ச்சியில் நண்டையும் அதற்குள் போட்டு விசில் எண்ணுவோரால் கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறதே தவிர, தளரவில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

நண்டுக்குக் கேட், தண்டுக்குக் கேட்டும் டீயும், காலுக்கு லாரி. இம்மூன்றையும் மனப்பாடம் செய்தவர் சூப்பு வைக்கத் தகுதி பெற்றவராகிறார். முதல் சூப்பை விருந்தாளி வரும் நாளில் வைக்க வேண்டாம். குறிப்பாக, அந்த விருந்தாளி ஆய்வாளராக இருந்தால். உப்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுப்பதற்குக் காட்டுப்பள்ளிக்குத்தான் போக வேண்டும்.