மாப்பிள்ளை முறுக்கு

அமெரிக்காவின் வட வர்ஜீனியாப் பிரதேசத்தில் நெருங்கி நிற்கும் தரவு மையங்களில், செயற்கை நுண்ணறிவின் சிந்தனை ஒரு கணமும் கலையலாகாது என்பதற்காகவே, மின்கல அடுக்குகளும் டீசல் ஜெனரேட்டர்களும் பெருஞ்செலவில் காவல் வைக்கப்பட்டிருக்கின்றன. 2024 ஜூலை 10 அன்று, 230 கிலோவோல்ட் பாதையொன்றில் இடிதாங்கி பழுதாகி, 82 விநாடி நேரத்தில் ஆறு முறை மின்னழுத்தம் தாழ்ந்து மீண்டது. மின்சாரம் நின்றுவிடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆயினும், ஒரு நிமிஷத்தில் மூன்றாவது தாழ்வைப் பொறுப்பதில்லை என்ற விரதம் பூண்டிருந்த அக்காவற் சாதனங்கள், பந்தியில் அப்பளம் மூன்று தரம் தவறியதும் இலையைவிட்டு எழுந்துவிடும் புது மாப்பிள்ளையைப் போல் ரோஷங்கொண்டு, ஏறக்குறைய 60 மையங்களின் 1,500 மெகாவாட் சுமையை ஒரே சமயத்தில் வாரிக்கொண்டு வெளிநடப்புச் செய்தன. உண்பாரின்றி மிஞ்சிய மின்சாரத்தால் ஏறிய அழுத்தத்தைத் தணிக்கும் சிரமம், பாவம், மின்தொகுப்பைப் பரிபாலிப்போர் தலையில் விழுந்தது. போனவை தாமாகவாவது திரும்பினவா என்றால், அதுவும் இல்லை. ஆட்கள் சென்று கையால் இணைத்த பிறகே பழைய மின்சாரத்தை அங்கீகரித்தன. உள்ளே சகல சாஸ்திரமும் கற்ற பேரறிவு வீற்றிருக்க, வாசற்காவலனுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை.