மீதி 990 நொடி

பத்து நிமிட வேலைக்கு மூன்று நாள் ஒப்பனை செய்தவன் நான். ஸ்கேன் செய்த 600 பழைய பில்களைப் படித்து எழுத்தாக்கும் பைத்தான் நிரல் அது. பில்லுக்கு ஒரு நொடி. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவருக்கு நம்பிக்கை வராதே, ஒரு முன்னேற்றப் பட்டை போட்டுவிடுவோம் என்று தோன்றியது. சனி பிடித்தது அங்கேதான்.

முதல் நாள், சதவீதத்துக்கு ஒரு '#' அச்சிடச் சொல்லிவிட்டு, கணக்குப் பிரிவு அக்காவைப் பெருமையாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பத்து நிமிடம் திரையில் ஈ, எறும்பு இல்லை. அவர் டீ குடித்து டம்ளரைக் கழுவிவிட்டு வந்தபோது நூறு '#'உம் மொத்தமாக வந்து விழுந்தன. வரி முடியும்வரை எழுத்துகளைத் தேக்கி வைப்பது பைத்தானின் வழக்கம். உடனுக்குடன் வேண்டுமென்றால் 'ஃப்ளஷ்' என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சொன்னேன். ஆசை விடவில்லை, மீதி நொடியையும் வரிக் கடைசியில் காட்டினேன். ஒரே வரியில் திரும்பத் திரும்ப எழுத 'கேரேஜ் ரிட்டர்ன்' என்ற குறி இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இறங்கி 100 வரை வந்தது. அடுத்த நொடி 990!

"என்ன தம்பி, இப்பதான் நூறுன்னுச்சு?"

தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்குக் காரணம் புரியும். வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளினால் வண்டிதான் திரும்பும், தாளில் அடித்த எழுத்து அழியாது. 100-இன் மேல் 99 எழுதினேன். பழைய பூஜ்யம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 9 நொடி மீதி இருந்தபோது திரை 900 என்றது. வேலை முடிந்தபோது 000. அதுவாவது சரி.

எழுதும் முன் வரியைத் துடைக்கக் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் நிரலை இரவில் தானாக ஓட விட்டேன். காலையில் லாக் கோப்பைத் திறந்தால், யாருமே பார்க்காத 600 பட்டைகள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. நான் தேடிய ஒரே பிழைச் செய்தி நடுவில் எங்கோ புதைந்து கிடந்தது. வெளியீடு திரைக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்க ஒரு வரி போதும்.

இத்தனைக்கும் முன்னேற்றப் பட்டைக்கென்றே டி.க்யூ.டி.எம். என்ற இலவச நிரல் நூலகம் பல வருடங்களாகவே இருக்கிறது. முன்னேற்றம் என்று பொருள்படும் 'தகத்தும்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயராம். என்னுடைய 71 வரிகளை அழித்துவிட்டு அதை ஒரே வரியில் சேர்த்தேன். பட்டை இப்போது பொய் சொல்வதில்லை.

ஆனாலும் 100% வந்த பிறகு அக்கா ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்: "தம்பி, நெசமாவே முடிஞ்சிருச்சா?"