எத்தனை விசில்?

நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது...

"என்னங்க, எத்தனை விசில் வந்துச்சு?"

"நாலு."

அடுத்த கண்ணிக்கு என் வாய் சொன்ன எண் ஐந்து. ஆறு, ஏழு என்று எட்டு வரைக்கும் போன பிறகுதான் உறைத்தது. நடந்தது நேற்றுக் காலை பத்தேகாலுக்கு. இன்னும் வயிறு எரிகிறது.

குரோஷா போடுகிறவர்கள், ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள், ஒயர் கூடை போடுகிறவர்கள் எல்லோருக்கும் இது புரியும். புரியாதவர்கள் விசில் கட்சி. அவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறு. எவரோ போட்ட டிசைனைக் காப்பியடிக்காமல், தலையை அளந்து, நாமே கணக்குப் போட்டு ஒரு குல்லா பின்னுவது எப்படி என்று. ரொம்ப எளிது. ஒரு டேப்பும் பென்சிலும் போதும். அதற்குத்தான் வருகிறேன்.

வங்கியில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதுவரை சண்டைபோட்டுக்கொண்டிருந்த ஆள்கூட நான் ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டதும் கப்சிப். மேனேஜரே வந்தாலும் கடைசி நோட்டு விழும்வரை ஓரமாக நிற்பார். இப்போதும் அதே விரல்கள்தான், அதே எண்ணிக்கைதான். கையில் ரூபாய்க்குப் பதில் உல்லன் நூல் என்றதும் மரியாதை போய்விட்டது.

இன்னொன்றையும் கவனித்துவிட்டேன். எண்ணிக்கொண்டிருப்பவனிடம் எண் இல்லாத கேள்வியை யாரும் கேட்பதில்லை. மழை வருமா, ரசத்தில் உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு எண்ணிக்கொண்டே போவேன். கேட்க மாட்டார்கள். அறுபத்து மூன்றில் இருக்கும்போது பால்காரர், "நாளைக்கு எத்தனை பாக்கெட் சார்?" எண்பதைத் தொட்டால் சிலிண்டர் வரும். சிலிண்டரோடு ஓடிபி வரும். அதை உரக்கப் படிக்க வேண்டும், இரண்டு தரம். முதல் தரம் அவர் ஹெல்மெட்டைக் கழற்றியிருக்க மாட்டார். தொண்ணூற்றாறில் மைத்துனர் போன்: கல்யாணம் பன்னிரண்டாம் தேதியா, இருபத்தொன்றா? தொண்ணூற்றெட்டில் மாடி வீட்டு அம்மா: மோட்டாரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? வாயைத் திறக்காமல் விரலைக் காட்டிச் சமாளிக்கப் பார்த்தேன். அந்த விரலையும் எண்ணிவிடுகிறார்கள். ஆள்காட்டி விரலை உயர்த்தியது 'ஒரு நிமிஷம் பொறு' என்பதற்காக. மறுநாள் ஒரே ஒரு பால் பாக்கெட் வந்தது.

மனைவி ஒரு யோசனை சொன்னாள். இருபது கண்ணிக்கு ஒரு ஊக்கு மாட்டிக்கொண்டால் ஊக்கை எண்ணினால் போதுமாம். நல்ல யோசனைதான். மாட்டினேன். நாலு ஊக்கா, ஐந்து ஊக்கா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல்: "என்னங்க, புடவைக்கு ஒரு ஊக்கு இருந்தா எடுத்துட்டு வாங்களேன்."

சரி, குல்லா. உச்சியில் 6 கண்ணி. சுற்றுக்கு ஆறாறு கூட்டினால் 12, 18, 24 என்று வட்டம் தோசை மாதிரி தட்டையாக விரியும். ஏன் ஆறு? கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரம் ஒரு கண்ணி கூடினால் சுற்றளவு எத்தனை கண்ணி கூடும்? பையை, அதாவது 3.14ஐ, இரண்டால் பெருக்குங்கள்: 6.28. குறைத்துக் கூட்டினால் கிண்ணமாகக் குவியும். அதிகம் கூட்டினால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

மனைவி குரோஷா கற்றது கான்வென்ட்டில், பிரிட்டிஷ் முறையில். நான் வாங்கிய புத்தகம் அமெரிக்கா. பிரிட்டன்காரர் டபுள் என்பதற்கு அமெரிக்காவில் சிங்கிள் என்று பெயர். அமெரிக்க டபுள் பிரிட்டனில் டிரெபிள். ஒரே மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கக் கூடாதா? புத்தகம் டபுளுக்குச் சுற்றுக்கு 12 கூட்டச் சொன்னது. மனைவி எனக்கு டபுள் என்று சொல்லிக்கொடுத்ததோ புத்தகத்தின் சிங்கிள். பத்தாம் சுற்றில் என் மடியில் இருந்தது குல்லா இல்லை, கோழிக்கொண்டைப் பூ.

1997இல் டைனா டைமினா என்ற லாத்விய நாட்டுக் கணிதப் பேராசிரியை, கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஹைபர்போலிக் தளம் என்ற வளைவுநெளிவான சமாசாரத்தைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதற்குமுன் அதைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் தொட்டால் கிழிந்துவிடும். அவர் செய்தது கண்ணியை வேண்டுமென்றே அளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனதுதான். உலகம் வியந்தது. நான் செய்ததைப் பார்த்து என் மனைவி வியக்கவில்லை. எங்கள் வீட்டு ஹைபர்போலிக் தளம் இப்போது ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருக்கிறது.

விட்ட இடத்துக்கு வருகிறேன். பெங்களூரில் இருக்கும் பேரனின் தலைச் சுற்றளவு 46 சென்டிமீட்டர். அதை 3.14ஆல் வகுத்தால் 14.6. வட்டத்தின் குறுக்களவு அதைத் தொடும்வரை கூட்ட வேண்டும்; என் நூலுக்கு அது இருபதாம் சுற்று, 120 கண்ணி. நேற்று அந்தச் சுற்றில்தான் விசில் வந்தது. பிரித்து எண்ணினால் ஒரு தரம் 118, ஒரு தரம் 121. மொத்தச் சுற்றையும் உருவிவிட்டு இன்று காலை மறுபடி ஆரம்பித்தேன். இதற்குப் பிறகு கூட்டாமல் நேராகப் பின்ன வேண்டும். எத்தனை சுற்று என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதுதான் சூட்சுமமே...

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அந்தக் குல்லா அவனோட முதல் பிறந்தநாளுக்குன்னு ஆரம்பிச்சது, ஞாபகம் இருக்கா? அடுத்த மாசம் ரெண்டாவது வருது. இப்பதான் தலையைத் திரும்ப அளந்தேன். நாற்பத்தெட்டு."

நான் எழுபத்தொன்றில் இருந்தேன். இப்போது நாற்பத்தொன்பது, ஐம்பது என்று போய்க்கொண்டிருக்கிறது.