எல்லாம் பச்சைதான் தம்பி

ஓஎம்ஆரில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த எவருக்கும் ஒரு ஸ்டோரேஜ் அண்ணனைத் தெரிந்திருக்கும். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், கையில் ஆறிப்போன காபி. சர்வரைப் பற்றி என்ன கேட்டாலும் மானிட்டரைக் காட்டுவார்: "எங்க பக்கம் எல்லாம் பச்சைதான் தம்பி."

அண்ணனுக்குக் கொடைக்குணம். கையிருப்பு 1 டிபி; 20 விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஆளுக்கு 100 ஜிபி எழுதிக்கொடுத்திருப்பார். தின் ப்ரொவிஷனிங் என்று இதற்கு நாகரிகமாகப் பெயர். ஏலச்சீட்டுக்காரருக்குப் பெயரில்லாமலே புரியும். எல்லாரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள் என்பதுதான் மூலதனம்.

அன்று ராத்திரி கேட்டுவிட்டார்கள்.

"அண்ணா, டேட்டாபேஸ் விஎம் தொங்குது. பிங் கூடப் போகல."

"நெட்வொர்க் டீமைக் கேட்டியா?"

கேட்டேன். அவர்கள் ஃபயர்வாலைக் காட்டினார்கள், ஃபயர்வால்காரர் அப்ளிகேஷனைக் காட்டினார். நாற்பது நிமிடம் கழித்து அண்ணன் மனமிரங்கி 'விர்ஷ் லிஸ்ட்' அடித்தார். 'பாஸ்டு'. அடுத்து 'டோம்பிளாக்எரர்'. ஒரே வரி: 'எஸ்டிஏ: நோ ஸ்பேஸ்'.

கேவிஎம் மெஷின்களில் இது வழக்கம். டிஸ்கில் எழுதும்போது வரும் மற்ற எரர்களை உள்ளிருக்கும் லினக்ஸிடம் அப்படியே சொல்லிவிடும். அடியில் இடம் தீர்ந்தால் மட்டும் சொல்லாது. மெஷினையே நின்ற இடத்தில் நிறுத்திவிடும். (கடன்காரன் வந்ததைத் தாத்தாவிடம் சொல்லாமல் அவரைத் தூங்கவைக்கிற குடும்பம் மாதிரி.)

அண்ணன் 2016லிருந்து பத்திரமாக வைத்திருந்த ஐஎஸ்ஓ ஃபைல்களில் மூன்றைக் கண்கலங்க அழித்தார். 'ரெஸ்யூம்' கொடுத்தார். மெஷின் கண்ணைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது. மயங்கியதே அதற்குத் தெரியாது. கடிகாரம்தான் நாற்பது நிமிடம் பின்னால் ஓடியது.

காலையில் க்ளையன்ட் போனில் பிடித்துக்கொண்டார். நான் வியர்த்தேன், அண்ணன் வியர்க்கவில்லை.

"சார், உங்க மெஷின் லாகைப் பாருங்க. டிஸ்க் எரர்னு ஒரு வரி இருக்கா?"

எப்படி இருக்கும்? அதனிடம் யார் சொன்னார்கள்?

பிறகு ஆர்சிஏ, அதாவது கோளாறின் மூலகாரண அறிக்கை, எழுதினார். விஎம்முக்குள்ளிருந்து எடுத்த, டிஸ்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் இணைத்தார். மாடல் 'க்யூஇஎம்யூ ஹார்ட்டிஸ்க்', உடல்நிலை 'பாஸ்டு', வெப்பம் 31 டிகிரி. இல்லாத டிஸ்குக்கு, டிஸ்காக நடிக்கும் க்யூஇஎம்யூ எழுதிவைத்த 31 அது. மே மாதம் சர்வர் ரூம் ஏசி நின்று நாங்கள் பெடஸ்டல் ஃபேன் வைத்த அன்றும் 31தான். இந்த 'பாஸ்டு' தேர்ச்சி. ராத்திரி பார்த்த 'பாஸ்டு' மூர்ச்சை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது அண்ணனின் அதிர்ஷ்டம்.

ஆர்சிஏ ஏற்கப்பட்டது. மறுநாள் டெஸ்டிங் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் தயங்கித் தயங்கி வந்து, ஒரு விஎம் வேண்டும் என்றான். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"100 ஜிபி போதுமா? கூச்சப்படாம கேளு தம்பி."